கொஞ்ச நாள் என்கிற வார்த்தை

மார்ச் 3, திங்கள்

பிரமிளா என் போனில் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள். மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் அது எழுதிக்கொள்ளுமாம். தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளுமாம்.

"நம்ம பேச்சு அதுக்கு வெளங்காது மாமா. ரேடியோவுல செய்தி வாசிப்பாவள்லா, அப்படிப் பேசுங்க" என்றாள்.

அதில் எனக்குக் கஷ்டம் இல்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆயுசைக் கழித்தவன் நான். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. தொண்டை இன்னும் கெடவில்லை.

என் பெண்டாட்டி பிச்சம்மா போனதிலிருந்து நான் வாயே திறப்பதில்லை என்று மகனுக்குக் கவலை. ஆறுமுகக்கனி மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பிரமிளா அவன் மனைவி. வீட்டில் இப்போது அவளும் நானும்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொன்னதை நானே படிக்க முடியாது. "நானும் படிக்க மாட்டேன் மாமா, சத்தியமா" என்றாள். அப்புறம் யாருக்காகப் பேசுவது? சரி, கிடக்கட்டும்.

காலையில் குளியலறையில் சோப்பு கிடந்து லேசாக வழுக்கியது. முழங்கை மட்டும் கன்றியிருக்கிறது. சோப்பை அங்கே போட்டது யார் என்று கேட்டேன். அவள் சோப்பை எடுத்து மாடத்தில் வைத்தாள்.

மார்ச் 6, வியாழன்

பால் அடுப்பிலேயே கருகிவிட்டது. கேஸ் ரெகுலேட்டர் சரியில்லை. மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ராஜாமணி என்று ஒருவர் லட்டுப் பெட்டியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். ஊருக்கு வெளியே கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் நிற்கிற பக்கம் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற இடம் நடத்துகிறார். மாலைவெயில் இல்லம் என்று பெயர். பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிறதாம்.

பிரமிளா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் விளம்பர வேலை செய்கிறாள். போர்வெல்காரர், டைல்ஸ் கடை, ஒரு ஜவுளிக்கடை என்று நாலைந்து பேருக்குச் செய்கிறாள். இவரும் அதற்காகத்தான் வந்தார்.

"ஐயாவுக்கு என்ன வயசாவுது?" என்றார்.

"எழுவது தாண்டிட்டு" என்றேன்.

நான் நாற்காலிப் பிடியை ஊன்றி எழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆள் தெம்பாத்தான் இருக்காவ" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பிரமிளாவைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வண்டியில் ஏறுகிற ஆளைக் கண்டக்டர் பார்க்கிற பார்வை. இது எந்த ஊரில் இறங்கும் என்று.

லட்டு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 12, புதன்

பிரமிளா மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். ராஜாமணி விளம்பரம் ஓடவில்லையாம்.

அவள் சொன்னதை வைத்து எனக்குப் புரிந்தது இது. ஜனங்கள் போனில் எதையாவது கேட்டுத் தேடுகிறார்கள். அவர்கள் என்ன வார்த்தையில் கேட்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வார்த்தையை நாம் ஏலத்தில் பிடித்து வைக்க வேண்டும். பிடித்திருந்தால் அவர்கள் கேட்கும்போது நம் விளம்பரம் மேலே வந்து நிற்கும். அவர்கள் அதை விரலால் தொட்டால்தான் காசு போகும். வெறுமனே பார்த்துவிட்டுப் போனால் செலவில்லை.

"இது நம்ம தொழில்லா!" என்றேன். எனக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கண்டக்டர் கொடுப்பான். கத்தினதற்குக் கூலி கிடையாது. ஆள் ஏறினால்தான்.

சிரித்தாள். "அப்ப சொல்லுங்க பாப்போம். 'முதியோர் இல்லம்'னு போட்டிருக்கேன். 'வயதானோர் காப்பகம்'னு போட்டிருக்கேன். தொடுதாவ மாமா, ஆனா ஒருத்தரும் போன் பண்ண மாட்டேங்காவ."

"யாரு தொடுதா?"

"யாரெல்லாமோ. புள்ளைக்குப் பொறந்தநாளு, இல்லத்துல ஒரு வேளச் சாப்பாடு போடணும்னு கேக்கவங்க. வேல இருக்கான்னு கேக்கவங்க. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதுதவங்க. ஒவ்வொரு தொடலுக்கும் அந்த மனுசனுக்குக் காசு போவுது. என்னையப் பிடிச்சு ஏசுதாரு."

"அப்பன ஆத்தாளக் கொண்டு விடப் போறவன் அந்தப் பேரச் சொல்லுவானாட்டி? வாயில வராது. அவன் மனசுக்குள்ள அதுக்கு வேற பேரு வெச்சிருப்பான்."

"என்ன பேரு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுத்து தெரியாதவனுக்கு எல்லாம் காதில்தான் கிடக்கும். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்த அன்றைக்கு, மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் ஒரு கிழவியோடு வந்தான். கிழவி கையில் துணிப்பை. அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, அம்மாவக் கொஞ்ச நாள் வெச்சுப் பாத்துக்கிடுத எடம் எதும் அந்தப் பக்கம் உண்டா?" தென்காசிக்கு முன்னால் ஒரு மடம் இருந்தது. சொன்னேன். அப்புறம் கிழவியின் கையிலிருந்து பையை வாங்கினேன்.

எங்கள் தொழிலே அந்தப் பைதான். தயங்கி நிற்கிற ஆளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. "குடுங்க ஆச்சி" என்று பையை வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர்கள் யோசிப்பார்கள். பார்க்காவிட்டால் பின்னாலேயே வந்து ஏறிவிடுவார்கள். தப்பினதே இல்லை.

மஞ்சள் பனியன்காரன் சாயங்கால வண்டியில் தனியாகத் திரும்பி வந்தான். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

இதைச் சொன்னேன். இன்னும் சொன்னேன். அம்மா கீழே விழுந்துட்டாங்க. அப்பா ராத்திரி தூங்க மாட்டேங்கறார். அப்பாவுக்குத் துணைக்கு ஆள் இல்லை. அம்மாவைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போக முடியலை. எல்லாம் பஸ் ஸ்டாண்டில் என் காதில் விழுந்தவை. பிரமிளா சோற்றுக் கையை அலசிவிட்டு வந்து மளமளவென்று தட்டினாள்.

மார்ச் 14, வெள்ளி

அழைப்பு வருகிறதாம். சாம்பாரில் எனக்குப் பிடித்த மாங்காய் போட்டிருந்தாள்.

மார்ச் 17, திங்கள்

வார்த்தை பிடிப்பது பாதி வேலைதானாம். வேண்டாத வார்த்தையை ஒதுக்குவது மீதிப் பாதி. ஒதுக்கி வைத்த வார்த்தையைச் சொல்லிக் கேட்கிறவன் கண்ணில் நம் விளம்பரம் படவே படாது. 'பிறந்தநாள்', 'வேலை', 'கட்டுரை' எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டாள்.

"'இலவசம்' ஒதுக்கியாச்சா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அதத்தான்."

"'அரசு'?"

"அதுவும்."

"முதியோர் பென்சன் பணத்துல முடியுமான்னு கேக்கவன்?"

தட்டிக்கொண்டே "நீங்க பயங்கரமான ஆளு மாமா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். பாஸ் வைத்திருக்கிறவனை, ஓசியில் வருகிற போலீஸ்காரனை, கை நீட்டுகிறவனை நாங்கள் பார்க்கவே மாட்டோம். கண் அவர்கள் மேல் நிற்காது.

வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து பிரமிளா பெயரைக் கேட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார். பாஸ்போர்ட் விசாரணை. புதுப்பிக்கிறதுக்கு என்றாள். இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

ராஜாமணி ஆப்பிள் கூடை அனுப்பியிருக்கிறார். கட்டில் நிறைகிறதாம். பின்பக்கம் தகரம் போட்டு இன்னொரு கொட்டகை எழுப்புகிறாராம்.

இப்போதெல்லாம் சாயங்காலம் காபி குடிக்கும்போது பிரமிளா எனக்குப் படித்துக் காட்டுகிறாள். யார் என்ன கேட்டு வந்தார்கள், அதில் எது தொடலோடு நின்றது, எது அழைப்பாயிற்று என்று. "கீழே விழுந்துட்டாங்க" நல்லா ஓடுது. "ராத்திரி தூங்க மாட்டேங்கறார்" சுமார். என் வண்டியில் எந்த ஊருக்கு எத்தனை தலை என்று கேட்பது மாதிரி இருந்தது. பிச்சம்மா போனபிறகு ஒருநாளும் நான் காபியை இப்படிச் சூடாகக் குடித்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்

தண்ணீர்ச் செம்பு படுக்கையில் கவிழ்ந்துவிட்டது. பிரமிளா விரிப்பை எடுத்து ஊறப் போட்டாள். செம்பு மேஜையில்தான் இருந்தது. அது எப்படிக் கவிழ்ந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

துணி காயப்போடும்போது கனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனை மதில் மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், கை ஈரம் என்று. நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. என் கட்டில் அங்கேதான் கிடக்கிறது.

"கல்யாணம் ஆயி ஆறு வருசத்துல நாம சேர்ந்து இருந்தது எத்தன மாசம்னு எண்ணிப் பாருங்க. டாக்டரம்மா என்ன சொன்னா? இதுக்கு மேல தள்ளாதிய, வயசு போவுதுன்னு சொன்னாள்லா. எங்கம்ம வீட்டுக்குப் போனா விசேசமான்னு கேக்காத ஆளு இல்ல."

கனி ஏதோ சொன்னான்.

"சரி, நான் கெளம்பி வாரேன். மாமாவ யாரு பாத்துக்கிடுவா? நீங்களே சொல்லுங்க. மாமாவ எங்க விட?"

சாயங்காலம் வழக்கம் போலக் காபி. புதுசா எதும் வார்த்தை இருக்கா மாமா என்றாள்.

"இருக்கு. 'மஸ்கட் போறோம், மாமாவ எங்க விட?' இதப் போடு."

அவள் விரல் நின்றது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"'வெளிநாடு போறோம், அப்பாவை எங்கே விட'னு போடுதேன் மாமா" என்றாள். "மாமான்னு சொல்லி யாரும் தேட மாட்டாவ."

"தேடுவாவ."

தட்டினாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு மாதிரி வெளிறிக் கிடந்தது. இதையெல்லாம் நான் இப்போது என் அறையில் உட்கார்ந்து சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்த வார்த்தைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி செய்திருந்தாள். கனி வீடியோவில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறான்.

"எப்பா, சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பாடு?"

சொன்னேன்.

"நல்லா சாப்பிடுங்கப்பா." மூக்கைத் துடைத்தான். "சாப்பிட்டியளா?" என்று மறுபடியும் கேட்டான்.

"என்னல, கேட்டதையே கேக்க?"

அழுதுவிடுவான் போல இருந்தான். சின்னப் பையனிலேயே அப்படித்தான், சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டான், மூக்கை உறிஞ்சுவான். நான்தான் பேச்சை மாற்றினேன். அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

"எல்லாத்துலயும் டாப்பு எது தெரியுமா மாமா?" என்றாள். 'கொஞ்ச நாள்'. எந்த வார்த்தையோடு அதைச் சேர்த்தாலும் ஓடுகிறதாம். அம்மாவைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள. அப்பா கொஞ்ச நாள் தங்க. ஏலத்திலும் யாரும் போட்டிக்கு இல்லை. மற்ற இல்லத்துக்காரர்களெல்லாம் 'முதியோர் இல்லம்' என்ற பெயருக்கே அடித்துக்கொண்டிருக்கிறார்களாம். இந்த வார்த்தையில் வருகிறவன் தொட்டான் என்றால் அநேகமாகப் போன் பண்ணிவிடுகிறான்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். நாங்கள் "ஏறி உக்காருங்க, இப்ப எடுத்துருவான்" என்று சொல்லித்தான் ஏற்றுவோம். வண்டி லேசில் எடுக்காது. எங்களுக்கும் தெரியும், ஏறுகிறவனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் எவனும் படியில் கால் வைக்க மாட்டான். கொஞ்ச நாள் என்பதும் அதுதான். கொண்டு விடுகிறவனுக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் அவனால் வண்டி ஓட்டிக்கொண்டு வர முடியாது.

இதை அவளிடம் சொன்னேன். அவள் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 2, வெள்ளி

இரண்டு பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். ஒன்று பெரியது, சக்கரம் வைத்தது. இன்னொன்று கைப்பை. கைப்பை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மே 5, திங்கள்

காலையில் எனக்குச் சவரம் செய்யச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். புது வேட்டி. இட்லிக்கு இரண்டு சட்னி.

"மாமா, டாக்டரப் பாத்துட்டு, அப்படியே..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"கார் எத்தன மணிக்கு?" என்றேன்.

கைப்பை என் கட்டிலில் கட்டித் தயாராக இருந்தது. பிச்சம்மா படம் பைக்குள் போய்விட்டதைச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆணி மட்டும் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்க வேண்டாம், என்ன செய்துவிடுவாள் பார்ப்போம் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எழுந்து பின்னாலேயே போனேன்.

கார் ஊரைத் தாண்டியது. ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி நின்றது. அப்போது சொன்னாள்: "கொஞ்ச நாளுதான் மாமா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். நான் அவள் தலையில் கை வைத்தேன்.

"அழாத தாயி. நல்ல வார்த்ததான். ஓடுத வார்த்த" என்றேன்.

சரக்கு ரயில். பெட்டி வந்துகொண்டே இருந்தது.

மே 6, செவ்வாய்

பின்பக்கத் தகரக் கொட்டகை. சன்னல் பக்கம் கட்டில். காற்றாடி தெரிகிறது.

மே 12, திங்கள்

இங்கே அடிக்கிறார்கள் பிடிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. கஞ்சி நேரத்துக்கு வருகிறது. பினாயில் வாடை. மத்தியானம் தகரம் காய்ந்து, படுத்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. கேட் பூட்டித்தான் இருக்கும். போனுக்குச் சார்ஜ் ஆபீஸில் போட்டுத் தருகிறார்கள், கேட்டால்.

பக்கத்துக் கட்டில் அந்தோணிமுத்து. தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப் பார்த்தவர். எந்நேரமும் சட்டை போட்டுப் பித்தான் மாட்டித்தான் இருப்பார்.

"எங்க கெளம்பிட்டிய?" என்றேன்.

"மவன் வருவான்லா. வந்துட்டு நேரமாவுதுன்னு நிப்பான். அதான்."

"எப்ப வாரேன்னான்?"

"கொஞ்ச நாளுன்னுதான் சொன்னான்."

கட்டிலுக்கு அடியில் அவர் பை. வந்த அன்றைக்குக் கட்டினது, அவிழ்க்கவே இல்லை. துணியை எடுத்து உடுத்தித் துவைத்து மறுபடியும் மடித்து அதற்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

பொழுது போகாமல் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், கூட்டி வரும்போது வீட்டில் என்ன சொன்னார்கள் என்று. என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் மறக்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர்கள்கூட அதை மறக்கவில்லை. கோடியில் படுத்திருக்கிற பெரியவர் 'கீழே விழுந்துட்டாங்க'. அவர் எதிரில் இருக்கிறவர் 'ராத்திரி தூங்க மாட்டேங்கறார்'. பெண்கள் பக்கத்தில் ஒரு டீச்சரம்மா 'வெளிநாடு போறோம்', மகள் சிங்கப்பூரில். மீதிப் பேரெல்லாம் 'கொஞ்ச நாள்'. கொட்டகையின் நடுவில் நின்று பார்த்தாலே சொல்லிவிடலாம். யார் கட்டிலுக்கு அடியில் பை கட்டியபடி இருக்கிறதோ அவர்கள்.

என் பையை நான் அவிழ்த்துவிட்டேன். துணியை அலமாரியில் அடுக்கி, பிச்சம்மாவைச் சன்னலில் வைத்திருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

பிரமிளா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் கனியின் சத்தமும் கேட்டது, ஏதோ சிரித்தான். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ராஜாமணி வேல இன்னும் நீதான் பாக்கியா தாயி?"

"ஆமா மாமா. இங்கேருந்தே பாக்கேன்."

"அதுல ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துரு."

எது என்று அவள் கேட்கவில்லை. "எதுக்கு மாமா?" என்றாள்.

"ஒதுக்குத பக்கத்துல போட்டுரு. அதச் சொல்லிக் கேக்கவன் கண்ணுல இந்த எடம் படவே கூடாது."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அத எடுத்தா போனே வராது மாமா. எல்லாம் அதுலதான் ஓடுது." மூச்சை இழுத்தாள். "அவருட்ட நான் பேசி வெச்சது என்னன்னா, நான் இந்த விளம்பரத்தப் பாத்துக் குடுக்கணும், அதுக்குப் பதிலா உங்கள வெச்சுக்கிடணும். கட்டில் நெறைஞ்சிருக்குத வரைக்கும்தான் அந்தப் பேச்சு. எங்களால முழுசாக் கட்ட முடியாது மாமா. டாக்டருக்கே இங்க..."

"சரி தாயி."

"மாமா..."

"சரின்னுட்டேன்லா. கனிய உப்பக் கொறைக்கச் சொல்லு. முகம் ஊதிக் கெடந்துது."

முகம் ஊதவில்லை, ஒட்டித்தான் போயிருந்தது. ஏதாவது சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

மே 21, புதன்

நான் சொன்ன வார்த்தை எனக்குச் சோறு போடுகிறது. நேற்றுக் கஞ்சி இறங்கவில்லை. இன்றைக்கு இறங்கியது.

மே 28, புதன்

அந்தோணிமுத்து விடியும்போது போய்விட்டார். சட்டைப் பித்தான் எல்லாம் போட்டபடி. மகன் மத்தியானம் வந்தான். நல்ல பையன். தலையில் அடித்துக்கொண்டு அழுதான், பார்க்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போது பையை மறந்துவிட்டான். நான் எடுத்துக்கொண்டு கேட் வரை ஓடினேன். ஓடினேன் என்றால் நடந்தேன். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் அந்தப் பையிலிருந்த துண்டை வைத்து ஆயா அவர் கட்டிலைத் துடைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆபீஸில் போன் அடித்தது. நாளைக்கு ஒரு ஆள் வருதாம் என்று ஆயா சொன்னாள்.

மே 29, வியாழன்

வரவில்லை. காருக்கு ஏதோ கோளாறாம்.

ஜூன் 3, செவ்வாய்

இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஐந்தாறு நாளாக நான் கேட் பக்கமே நிற்கிறேன். வாட்ச்மேன் ஒன்றும் சொல்வதில்லை. "என்னவே, தென்காசிக்கு ஆளு கூப்புடுதீரா?" என்று கேலி செய்வான், அவ்வளவுதான். வருகிற ஆளைக் கேட்டிலேயே மறித்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் என் கட்டில் போனால் போகட்டும். போய் எங்கே படுப்பது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் நிற்க முடியாது.

காலையில் இட்லி முடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. முன்னால் மகன், வழுக்கை விழ ஆரம்பித்த வயது. பக்கத்தில் மருமகள். பின்னால் ஒரு அம்மா. மடியில் ஒரு ஒயர்கூடை, அதன் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். கூடைக்கு மேலே ஒரு சீப்பும், மடித்த துவாலையும்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். கார் உள்ளே வந்து நின்றது. ஆபீஸிலிருந்து ஆயா சிரித்துக்கொண்டே வந்தாள். "குடுங்கம்மா" என்று கூடைக்குக் கை நீட்டினாள்.

"ஆச்சீ! பைய விடாதிய!"

நான்தான். பழைய தொண்டை. கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். ஆயா கையை இழுத்துக்கொண்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்ச நாளுன்னு சொல்லிருப்பாவ. அப்படித்தான சொன்னாவ? பையக் கையிலயே வெச்சுக்கிடுங்க. இறங்காதிய."

மகன் கதவைத் திறந்து இறங்கினான். "யாரு நீங்க?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கண் கலங்கிப்போய்க் கிடந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறான்.

ராஜாமணி வந்துவிட்டார். "ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய சார். வயசாயிட்டா இப்படித்தான். ஐயா, உள்ள போங்க" என்றார். என் தோளை அழுத்திப் பிடித்தார். "பிரமிளா மேடத்துட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரில் தன்னிடம் வாய் திறந்து பேசினவன் நான் ஒருவன்தான் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எங்கூர்க்காரவ மாதிரி பேசுதிய" என்றார்கள். "எந்த ஊரு?"

"ஜங்ஷன்" என்றேன்.

"முட்டு வலி. கையில இதையும் வெச்சுக்கிட்டு எறங்க முடியல. செத்த பிடிங்க."

கூடையை என்னிடம் நீட்டினார்கள்.

வாங்கியிருக்கக் கூடாது. கை தானாகப் போய்விட்டது. நாற்பது வருஷக் கை. கூடையின் காது அவர்கள் பிடித்திருந்த இடத்தில் வேர்வையாக இருந்தது. அவர்கள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தார்கள். அப்புறம் இன்னொரு காலை.

அங்கேயே நின்றிருக்கலாம். கூடையைத் திரும்பக் காருக்குள் வைத்திருக்கலாம். நான் கொட்டகையைப் பார்த்து நடந்தேன். அந்தோணிமுத்துவின் கட்டிலைப் பெண்கள் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அதுதான் காலி.

திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.